தொலைநோக்கிக்கும் ஒரு காப்பு

நம் தேவிகுளம் மலைநாட்டில் இன்று இரயில் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. மூணாற்றிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகளைச் சுமந்து சென்ற சிறு இருப்புப் பாதை அது. 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908-இல் குறுகிய இருப்புப் பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து பெட்டிகள் கம்பி வழியே கோட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூருக்குப் போயின. 1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099-இல் பெய்த பெருமழையும் அதனால் வந்த வெள்ளமும் அந்தப் பாதையை அடியோடு கொண்டுபோய்விட்டன. அதன் பிறகு அது மீண்டும் அமைக்கப்படவில்லை. மலையில் வாழும் நமக்கு, ஒரு பொருளை வாங்குவதைப் போலவே அதைக் காப்பதும் பெரும்பாடு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

யான் தேவிகுளம் தாலுக்காவில் ஓர் எஸ்டேட் லயத்தில் பிறந்தவன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இப்போது சமவெளியில் ஓர் இரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் மலையேறிப் பெற்றோரிடம் வந்துவிடுவேன். பிறருடைய பொருள்களுக்கு நாள்தோறும் இரசீது எழுதும் தொழிலில் இருப்பதால், ஒரு பொருள் தொலைந்தால் யார் பொறுப்பு, எவ்வளவு கிடைக்கும் என்னும் கேள்விகள் எனக்குப் புதியனவல்ல. அந்தப் பழக்கத்தால் அறிந்தவற்றை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எங்கள் பகுதியில் நான்கு குடும்பங்கள் பணம் சேர்த்து ஒரு தொலைநோக்கி வாங்கினோம். ஆறங்குலக் குழியாடி பொருத்திய டாப்சோனியன் வகை அது. விலை ரூ. 32,000. கூடுதலாக வாங்கிய இரண்டு கண்ணருகு வில்லைகள் ரூ. 6,000. ஆக மொத்தம் ரூ. 38,000. கொழுந்து பறித்துக் கூலி பெறும் குடும்பங்களுக்கு இது சிறு தொகையன்று. ஆயினும் பிள்ளைகள் கேட்டார்கள், வாங்கினோம். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், பட்டணத்து விளக்கொளி இல்லாத நம் வானம், பணம் கொடுத்தும் பெற முடியாத செல்வமன்றோ? நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழப் பத்துப் பாகையில் இருக்கிறோம். ஆகையால் மலை மறைக்காத இடத்தில் நின்றால் வடக்கே தாழ்வாகத் துருவ மீனும், சித்திரை வைகாசி இரவுகளில் தெற்கே தென்சிலுவையும் ஒருங்கே புலப்படும். சனியின் வளையத்தை முதன்முறை கண்ட சிறுமி ஒருத்தி, குழாயின் வாயில் யாரோ படம் ஒட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி முன்பக்கம் போய்த் தடவிப் பார்த்தாள்.

அந்தக் கருவியைப் பள்ளிகளுக்கும் பிற எஸ்டேட்டுகளுக்கும் எடுத்துச் செல்ல வேண்டுமென்று அழைப்புகள் வந்தபோதுதான், இதற்குக் காப்பீடு செய்தால் என்ன என்ற பேச்சு எழுந்தது. அப்போது எங்கள் கூட்டத்தில் மூத்தவரான ஒரு பெரியம்மா கேட்ட கேள்வி எல்லாரையும் வாயடைக்கச் செய்தது. "தம்பி, பெட்டிமுடியில் எழுபது பேர் மண்ணுக்குள் போனார்களே, அவர்கள் உயிருக்கு எவன் காப்பு எழுதினான்? நம் சட்டிபானைக்கு எவன் எழுதினான்? கண்ணாடிக் குழாய்க்கு மட்டும் காப்பு எழுதப் போகிறாயாக்கும்!"

பெட்டிமுடியை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, இராஜமலையை அடுத்த அந்த எஸ்டேட்டில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. இறந்தோரும் காணாமற் போனோருமாக எழுபது பேர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் அவர்தம் பிள்ளைகளும். மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. எங்களுள் உறவினரை அங்கே இழந்தவர்கள் உண்டு. ஆகையால் பெரியம்மாவின் சொல்லை வீண் வாதமென்று தள்ளிவிட எவருக்கும் மனம் வரவில்லை. அவர் கேட்டது நியாயம். எனவே காப்பீடு என்னும் பேச்சையே கைவிடாமல், எதை முதலில் காப்பது என்று வரிசைப்படுத்தினோம்.

முதலிடம் உயிருக்கு. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய இரண்டு திட்டங்கள் வங்கிக் கணக்கு உள்ள எவருக்கும் கிடைப்பவை. பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு ரூ. 436 செலுத்தினால், எக்காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு ரூ. 2 லட்சம் கிடைக்கும். சேரும் வயது 18 முதல் 50 வரை. சுரக்ஷா திட்டத்தில் ஆண்டுக்கு ரூ. 20 செலுத்தினால், விபத்தில் இறந்தால் ரூ. 2 லட்சம், வயது 18 முதல் 70 வரை. பணம் ஆண்டுதோறும் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளப்படும். அந்த நாளில் கணக்கில் பணம் இல்லையெனில் காப்பும் இல்லை. இதைக் கேட்ட அன்றே எங்கள் நான்கு வீட்டாரும் தத்தம் பாஸ்புத்தகங்களை எடுத்துப் பார்த்தோம். பதினொரு பெரியவர்களுள் நால்வரே சேர்ந்திருந்தனர். மற்றவர்களுள் வயது வரம்புக்கு உட்பட்டோர் அனைவரும் அந்த மாதமே சேர்ந்தனர். தொலைநோக்கியால் விளைந்த முதற்பயன் இதுவென்று சொல்லலாம்.

இரண்டாமிடம் வீட்டுக்கும் வீட்டுப் பொருள்களுக்கும். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் யாவும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் ஒரே வகையான வீட்டுக் காப்பீட்டை வழங்கிவருகின்றன. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, பாறைச்சரிவு ஆகியவற்றால் விளையும் இழப்புகள் இதில் அடங்கும். நம் மலைநாட்டுக்கு நிலச்சரிவு என்னும் அந்த ஒரு சொல்லே போதும். லயத்துப் பாடி நமக்குச் சொந்தமன்றே, நாம் எப்படி எழுதுவது என்று சிலர் ஐயுறலாம். கட்டடத்தை விட்டுவிட்டு, உள்ளிருக்கும் பொருள்களுக்கு மட்டும் இதை எடுக்கலாம். கட்டில், பீரோ, தொலைக்காட்சி, தையல் இயந்திரம் ஆகியவற்றோடு தொலைநோக்கியும் அப்பொருள்களுள் ஒன்றாகிவிடும். நகை, ஓவியம், பழம்பொருள் முதலிய விலையுயர்ந்தவற்றுக்குத் தனியே எழுத வேண்டும்.

இதில் அறிய வேண்டிய குறை ஒன்று உண்டு. திருட்டு இதில் முழுமையாக அடங்காது. மேற்சொன்ன இடர்களுள் ஒன்று நேர்ந்து, அதையொட்டி ஏழு நாள்களுக்குள் பொருள் களவுபோனால் மட்டுமே இழப்பீடு உண்டு. வீடு பூட்டியிருக்கையில் கதவை உடைத்துக் களவாடினால், அதற்குக் கன்னக் களவுப் பிரிவு சேர்ந்த பழைய 'ஹவுஸ்ஹோல்டர்ஸ்' பாலிசிதான் உதவும். பண்டிகைக்குச் சொந்த ஊர் செல்லும்போது வாரக்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் நம்மவர்க்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

மூன்றாமிடமே தொலைநோக்கிக்கு. வீட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்லும் பொருளுக்கு 'ஆல் ரிஸ்க்ஸ்', அதாவது அனைத்து இடர்க் காப்பு என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் வீட்டுப் பாலிசியோடு ஒரு பிரிவாகவே இதைத் தருவர். பெயரைக் கேட்டவுடன் எந்த இடர் வந்தாலும் பணம் வரும் என்று மனம் நம்பிவிடும். ஆனால் பாலிசியின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். இத்தகைய பாலிசிகளில் வழக்கமாகக் காணப்படும் விலக்கு ஒன்றில் நம் பொருளே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. கேமரா, இருகண் நோக்கி, கண்ணாடி வில்லை முதலிய உடையக்கூடிய பொருள்கள் விரிசல் விட்டாலும், கீறல் விழுந்தாலும், உடைந்தாலும் இழப்பீடு இல்லை. தீயினாலோ, அவற்றை ஏற்றிச் சென்ற வண்டி விபத்துக்குள்ளானதாலோ உடைந்தால் மட்டுமே உண்டு. அதாவது கேப் ரோட்டில் ஜீப் கவிழ்ந்து ஆடி உடைந்தால் பணம் வரும். பள்ளி மைதானத்தில் ஒரு சிறுவன் கருவியின் அடிப்பீடத்தில் இடறி, குழாய் சாய்ந்து ஆடி உடைந்தால் வராது. நமக்கு அடிக்கடி நேரக்கூடியதோ இரண்டாவதுதான். ஆதலால் பணம் கட்டுமுன் இவ்விலக்கைக் காட்டி, இதை நீக்கித் தர இயலுமா, அதற்குக் கூடுதல் பிரீமியம் எவ்வளவு என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறவேண்டும். வாய்ச்சொல் பாலிசியாகாது.

இன்னொரு விலக்கு நம் மலைக்கே உரியது போலத் தோன்றும். தேய்மானம், துரு, பூசணம், புழுபூச்சி ஆகியவற்றால் மெல்ல மெல்ல நேரும் கேட்டுக்கு எந்த நிறுவனமும் பணம் தராது. ஆனி முதல் ஐப்பசி வரை மூடுபனியும் மழையும் சூழ்ந்த நம் வீடுகளில், பெட்டிக்குள் வைத்த வேட்டியே பூக்கும்போது வில்லை பூக்காதா? வில்லையில் பூசணம் படர்ந்துவிட்டால், துடைத்த பின்னும் சில வேளைகளில் அதன் வடு நீங்குவதில்லை. இதற்கு நாமேதான் காப்பு. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் மணிப்பைகளை இட்டு, அவை நிறம் மாறும்போது இளஞ்சூட்டில் உலர்த்தி மீண்டும் வைக்க வேண்டும். பனியில் நனைந்த கருவியை அப்படியே மூடாமல், ஈரம் முழுதும் உலர்ந்த பிறகே மூட வேண்டும். இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். கருவி பல்லாண்டு நிலைக்கும்.

இனி, யான் தொழில்முறையில் அறிந்த இரயில் பயணத்துக்கு வருகிறேன். பயணி தம்முடனேயே வைத்துக்கொண்டு செல்லும் பெட்டி தொலைந்தால், இரயில்வேயின் அல்லது அதன் ஊழியரின் கவனக்குறைவோ முறைகேடோ மெய்ப்பிக்கப்பட்டாலன்றி இரயில்வே பொறுப்பேற்காது. 1989-ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பதிவு செய்து இரசீது பெற்ற பொருளாயினும், மதிப்பை அறிவிக்காமல் அனுப்பினால் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு. பயணச் சாமானுக்குக் கிலோவுக்கு ரூ. 100, பார்சலாக அனுப்பும் பிற பொருளுக்குக் கிலோவுக்கு ரூ. 50. எங்கள் தொலைநோக்கியின் எடை 18 கிலோ. சாமானாகப் பதிந்து தொலைந்தால் மிகுதியாகக் கிடைக்கக்கூடியது ரூ. 1,800, பார்சலாயின் ரூ. 900. முப்பத்தெட்டாயிரத்துக்கும் தொள்ளாயிரத்துக்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள்! சட்டத்துக்குக் கண்ணாடியும் கருங்கல்லும் எடையில் ஒன்றே.

இதற்கும் வழி உண்டு. 103-ஆம் பிரிவின்படி, பதிவு செய்யும்போதே பொருளின் மதிப்பை எழுத்தில் அறிவித்து, அந்த மிகை மதிப்புக்குரிய விழுக்காட்டுக் கட்டணத்தையும் செலுத்தினால், பொறுப்பின் வரம்பு அறிவித்த மதிப்புவரை உயரும். பார்சல் சாளரத்துக்கு வருவோருள் இதைக் கேட்பவர் மிகச் சிலர். பொருள் வந்து சேரவில்லையெனில், ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் இழப்பீடு கோர வேண்டும். மறுக்கப்பட்டால் இரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயத்தை அணுகலாம்; அதன் அமர்வுகள் சென்னையிலும் எறணாகுளத்திலும் உண்டு. இணையத்தில் பயணச்சீட்டு எடுக்கும்போது 45 காசுக்குத் தரப்படும் காப்பீடு பயணியின் உயிருக்கும் உடலுக்கும் உரியது; சாமானுக்கு உரியதன்று. காசு சிறிதாயினும் அதை வேண்டாமென்று விட்டுவிடாதீர்கள். ஆனால் அது பெட்டியையும் காக்கும் என்று நம்பிவிடவும் வேண்டாம்.

வளைகுடா நாடுகளிலிருந்து வரும் நம் பிள்ளைகள் விமானத்தில் கருவி கொண்டுவருவதுண்டு. பன்னாட்டு விமானப் பயணத்தில், ஒப்படைத்த சாமானுக்கு விமான நிறுவனத்தின் பொறுப்பு, மொன்றியல் உடன்பாட்டின்படி பயணி ஒருவருக்கு 1,519 சிறப்பு எடுப்புரிமை அலகுகள். 2024 டிசம்பர் 28 முதல் இது நடைமுறையில் உள்ளது. சேதத்தைக் கண்டால், சாமானைப் பெற்ற ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆடியையும் வில்லைகளையும் கைப்பையிலும், குழாயையும் முக்காலியையும் பெட்டியிலும் வைத்துக் கொண்டுவருவதே நன்று.

கருவிகளின் பயணம் எக்காலத்தும் எளிதாயிருந்ததில்லை. வில்லியம் லாம்டன் தென்னாட்டை அளப்பதற்காக இங்கிலாந்திலிருந்து வரவழைத்த பெரிய தியோடலைட் அரை டன் எடையுள்ளது. அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் வழியில் சிறைப்பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுசென்றனர். பிறகு பெருந்தன்மையோடு அக்கருவியைச் சென்னைக்கு அனுப்பிவைத்தனர். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் அதைத் தம் கையாலேயே வாரக்கணக்கில் சீர்செய்து அளவைப் பணியைத் தொடர்ந்தார். இன்றைய இரயில்வேச் சட்டத்தின் 93-ஆம் பிரிவு, பொறுப்பினின்று விலக்கும் காரணங்களுள் பகைவர் செயலையும் ஒன்றாக எண்ணுகிறது. இருநூறு ஆண்டுகளாயினும் இடர்களின் பட்டியல் அவ்வளவாக மாறவில்லை.

நிற்க. காப்பீடு செய்ய முடிவு செய்தபின் நாங்கள் செய்தவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். வேறு கருவி வைத்திருப்போர்க்கும் பயன்படலாம்.

முதலாவது, உரிமை யாருடையது என்பதைத் தெளிவாக்கினோம். நால்வர் பணம் போட்ட பொருளாயினும் கடைச்சீட்டு ஒருவர் பெயரில் இருந்தது. உரிமை இல்லாதவர் காப்பீடு கோர இயலாது. ஆகையால் நால்வரின் பங்கையும் எழுதிக் கையொப்பமிட்ட தாள் ஒன்றைச் சீட்டோடு சேர்த்து, நிறுவனத்துக்கும் தெரிவித்தோம்.

இரண்டாவது, ஒவ்வோர் உறுப்பையும் பெயர், எண், விலை, வாங்கிய நாள் ஆகியவற்றோடு பட்டியலிட்டு, நான்கு புறமும் புகைப்படம் எடுத்தோம். பட்டியலின் ஒரு படி மலையிலும் மற்றொரு படி சமவெளியில் என் அறையிலும் உள்ளன. பொருளும் பட்டியலும் ஒரே வீட்டில் இருந்தால், மலை சரியும்போது இரண்டும் ஒன்றாகவே போய்விடும்.

மூன்றாவது, மதிப்பைக் குறைக்காமல் எழுதினோம். பாரத் கிருஹ ரக்ஷாவில் வீட்டுப் பொதுப் பொருள்களுக்குக் குறைமதிப்பால் பிடித்தம் இல்லை. ஆயினும் மற்றப் பாலிசிகளில் சராசரி விதி என்று ஒன்றுண்டு. ரூ. 38,000 பெறுமான பொருளை ரூ. 19,000-க்கு எழுதினால், ரூ. 10,000 இழப்புக்கு ரூ. 5,000-தான் தருவர். பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது இழப்பில் போய்விடும்.

நான்காவது, பயன் என்ன என்பதை மறைக்கவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு வானம் காட்டக் கருவியை வாடகைக்குத் தருவீர்களா என்று தங்கும் விடுதியார் ஒருவர் கேட்டார். வாடகைக்கு விட்டால் அது வீட்டுப் பொருளாகாமல் தொழிற்பொருளாகிவிடும். பாலிசியும் அதற்கேற்ப மாற வேண்டும். பிள்ளைகளுக்காக வாங்கிய பொருள் பிள்ளைகளிடமே இருக்கட்டும் என்று மறுத்துவிட்டோம்.

இழப்பு நேர்ந்து, நிறுவனம் கோரிக்கையை மறுத்தாலோ, முறையீட்டுக்கு ஒரு மாதம் விடை தராமலிருந்தாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஓம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. கேரளத்துக்குக் கொச்சியிலும், தமிழ்நாட்டுக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. மொழி தெரியாத ஊரில் நமக்கு யார் துணை என்று அஞ்சி, நியாயமான தொகையை விட்டுவிடும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அது வேண்டா.

காப்பீட்டுக்கு அப்பாற்பட்டது ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தக்க சூரிய வடிகட்டியைக் குழாயின் முன்வாயில் பொருத்தாமல் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. கருவி வெயிலில் இருக்கும்போது மூடியைக் கழற்றி வைக்கவும் கூடாது. தீயால் எரிந்த பொருளுக்குப் பணம் வரும்; கருகிய கண்ணுக்கு மாற்றுக் கண்ணை எந்தப் பாலிசியும் தராது.

ஒரு கண்ணாடிக் குழாய்க்கு இவ்வளவு கவலை ஏன் என்று கேட்போர்க்கு ஒரு நாளைக் குறித்துக் கொடுக்கிறேன். 2031 மே 21. அன்று கங்கணச் சூரிய கிரகணத்தின் பாதை இடுக்கி, தேனி, மதுரை வழியாகச் செல்கிறது. சனியைத் தடவிப் பார்த்த அந்தச் சிறுமி அப்போது கல்லூரியில் படிக்கும் வயதை எட்டியிருப்பாள். வடிகட்டி பொருத்திய இதே குழாயை மற்றப் பிள்ளைகளுக்கு அவளே காட்ட வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

பெரியம்மாவின் கேள்விக்கு நாங்கள் கண்ட விடை இதுதான்: உயிர் முதலில், வீடு அடுத்து, கருவி அதன் பிறகு, மூன்றுக்கும் எழுதினோம். தம் பெயருக்குரிய இருபது ரூபாயை அவர் தாமே வங்கிக்குப் போய்க் கட்டிவிட்டு வந்தார். அன்பர்கள் இவ்விதழைக் கீழே வைக்குமுன் தங்கள் வீட்டுப் பாஸ்புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயனை யான் பெற்றவனாவேன்.